விடிய விடியப் பார்த்த நாடகமும் வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த படமும்

மதுரையிலிருந்து, பகிர்வைத் தொடங்குபவர்

அனைவருக்கும் வணக்கம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு படம் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசிக் கலைவது என்பது கொரோனா ஊரடங்குக்குப் பிறகு எனக்கும் என் கல்லூரித் தோழியர் மூவருக்கும் பழக்கமாகிவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ‘மெய்யழகன்’ படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தோம். 2024 செப்டம்பரில் திரையரங்குக்கு வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படமாக இருந்த அதை, நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்ததால் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைத்தார்கள். எங்கள் வீட்டிலோ அது மேலும் நீண்டுபோயிற்று. குழம்பு அடிப்பிடிக்கிறது என்று ஒருமுறை நிறுத்தினோம். கூரியர்காரர் அழைப்புமணி அடித்ததற்கு ஒருமுறை. ஒரு தோழியின் மகன் வெளியூரிலிருந்து தொலைபேசியில் அழைத்ததற்கு அரை மணி நேரம். ஊரை விட்டுப் போனவர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பி வந்து, பெயர்கூட நினைவுக்கு வராத ஓர் உறவினரோடு இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் கதை அது. அந்தப் பேச்சு ஊறி வருகிற ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் எழுந்து போயிருக்கிறோம் என்பது படம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு ராத்திரிப் பேச்சை இவ்வளவு நீட்ட வேண்டுமா?” என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு உடனே என் அப்பத்தாவின் நினைவு வந்துவிட்டது. மேலூருக்குக் கிழக்கே உள்ள அப்பத்தா ஊரில் பங்குனித் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம் கட்டாயம் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் அந்த நாடகத்தை அப்பத்தா தன் அறுபத்தைந்தாவது வயதிலும் ஒரு சாக்கை விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் பார்த்து முடிப்பார். நீளம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

1983ஆம் ஆண்டு என்று நினைவு. எனக்கு ஒன்பது வயது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் மேடைக்கு முன்னால் மண்ணில். பபூன் வந்து சிரிக்க வைத்ததும், நடனப் பெண்மணி ஆடியதும், கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஜிகினா உடையில் மேடையேறியதும் எனக்கு அரைத் தூக்கத்தில் தெரிந்தவை. வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடம் வந்தபோது அப்பத்தா என்னை உலுக்கி எழுப்பிவிட்டார். ஆலோலப் பாட்டைத் தூங்கித் தவறவிடக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்த அம்மாள் முதல் இழுப்பு இழுத்த அதே நொடியில் மின்சாரம் போய்விட்டது. மேடையும் இருட்டு, ஊரும் இருட்டு. ஒலிபெருக்கியின் இரைச்சல் அடங்கிய அந்த அமைதியில் பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்திருந்தார்; துருத்தி இழுபடும் மூச்சுச் சத்தம்கூட எங்கள் காதுக்கு வந்தது. டீக்கடையிலிருந்து யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினார்கள். விளக்கு மேடைக்கு வந்து சேர்ந்தபோது அந்த அம்மாள் மேடையின் விளிம்பில், எங்களுக்கு இரண்டு முழ தூரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது; அரிதாரத்தின் மேல் வியர்வை கோடு கோடாக வழிந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்பத்தா என் காதருகே குனிந்து, “இப்பத்தான்டி பாட்டுக் கேக்குது” என்றார்.

வீட்டில் படம் பார்ப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு படியேற முடியாத என் அம்மாவுக்கு இன்று சினிமா என்பதே வீட்டுத் தொலைக்காட்சிதான். ஆனாலும் அன்று இருட்டில் கேட்டதைப் போல ஒரு பாட்டை நான் பிறகு கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது வாய்த்திருந்தால், மேடையிலோ திரையிலோ வீட்டிலோ, நேரில் பட்டதை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் பார்த்த அந்த வகை நாடகத்தை எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடகம் என்போம்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அவற்றுக்குப் பின்பாட்டுப் பாடி ஆர்மோனியம் வாசித்தவர். இருட்டில் சுருதியை விடாமல் பிடித்த அந்த மனிதர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது எங்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள் பலரும் அது ஒரே குழு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. விழாக் கமிட்டியார் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், கதாநாயகியான ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூனையும் நாரதரையும் மிருதங்கத்தையும் பல தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்டையும் தனித்தனியாகவும் பேசி அமர்த்துவார்கள். மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் இருப்பதும், ஒவ்வொருவர் புகைப்படத்தோடும் நாடக நோட்டீஸ் அச்சடிக்கப்படுவதும் இதற்காகத்தான். பலர் அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஒத்திகை என்பது அறவே கிடையாது. அப்படியிருந்தும் எட்டு மணி நேர நாடகம் சிக்கில்லாமல் நடப்பதற்குக் காரணம், எல்லோர் மனத்திலும் ஒரே பாடம் இருப்பதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக்கொடுத்த பாடம் அது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அவர், 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ‘தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை’யைத் தொடங்கினார், வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதியவைதான் நூறாண்டு கடந்தும் எங்கள் பக்கத்து மேடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாடம் ஒன்றாக இருந்தாலும் குரல் ஒன்றாக இருக்காது. அதனால் ஒப்பனைக் கொட்டகைக்குள் நுழைந்ததும் அப்பா யாரிடமும் நலம் விசாரிக்க மாட்டார். “எத்தனை கட்டை?” என்பதுதான், அதாவது எந்தச் சுருதியில் பாடுவீர்கள் என்பதுதான், அவருடைய முதல் கேள்வி. ஸ்திரீபார்ட் ஐந்து என்பார். ராஜபார்ட் இரண்டு என்பார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பாடும் இடத்தில், ஒருவர் அடியை முடித்து மற்றவர் எடுக்கும் இடைவெளிக்குள் ஆர்மோனியம் இரண்டிலிருந்து ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கேட்பவருக்கு அந்தத் தாவல் தெரியக் கூடாது. ஒரு சின்னச் சங்கதியை வாசித்து அதன் வழியாக அப்பா இறங்குவார், ஏறுவார். கூட்டத்தில் இருப்பவர்கள் நடிகரைத்தான் பார்ப்பார்கள். நான் மட்டும் மேடையின் ஓரத்தில் சுருட்டி வைத்த சீன் படுதாவில் சாய்ந்துகொண்டு அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உச்சத்தில் பாடிப் பழகிய கலை இது. மின்சாரம் போனதும் உங்கள் வள்ளி தடுமாறாமல் பாடினார் என்றால், அவர் அந்த வழியில் பயின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து, உறுப்பினர்களில் மூத்தவர்

தம்பி ஆர்மோனியத்தைப் பற்றி எழுதியது மனத்துக்கு நிறைவாக இருந்தது. எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. நான் பார்த்ததைவிட என் தகப்பனார் பார்த்ததைச் சொல்வதுதான் இங்கே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அவர் சிறுவனாக இருந்தபோது, பாடி நடிப்பதில் பேர்பெற்ற செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் நாடகத்தை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். வள்ளி திருமணத்தில் வரும் ‘காயாத கானகத்தே’ பாட்டில், மானைத் தேடி வந்த வேடன் பெண்ணையே மானாக்கிப் பாடும் இடத்தில் குரல் மேலே போனதை அவர் சொல்லிக் காட்ட முயல்வார், முடியாது, கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரிப்பார். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழுதான். 1926இல் இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் அவரோடு மேடையில் இணைந்து, பின்னர் அவருக்கு மனைவியுமான கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், அதன் பிறகு வெள்ளைச் சேலையோடு வாழ்ந்தார்; ஆண் நடிகர்களுடன் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு அழைத்தபோது நந்தனாராகத் தானே ஆண் வேடம் ஏற்று நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாயைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ அந்த ஆண் வேடம்தான் பெரிதாகப் படுகிறது.

சென்ற மாதம் என் பேரன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து அந்த அம்மையாரின் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். கீறல் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் வந்தது. என் தகப்பனார் கையை உயர்த்திக் காட்டிய உயரம் எதுவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டில் கேட்பதில் எதுவும் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து

ஐயா சொன்னதற்கு வழிமொழிகிறேன். எங்கள் தலைமுறைக்கு வீட்டில் படம் பார்ப்பது என்பதே ஊர்கூடிப் பார்ப்பதாகத்தான் இருந்தது. 1987 வாக்கில் என் அக்காவின் சடங்கு நடந்த அன்று இரவு, டவுனிலிருந்து கலர் டிவியும், வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். மூன்று கேசட். வாசலில் மேசை போட்டு அதன்மேல் டிவி. தெருவை அடைத்துப் பாய். டெக்கோடு வந்த அண்ணன் இரவு முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். படத்தில் கோடு விழ ஆரம்பித்தால் மூடியைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து புத்தம் புது இரண்டு ரூபாய் நோட்டை எடுத்து ஹெட்டைத் துடைப்பார். அந்த நேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். மூன்றாவது படம் முடிந்தபோது பால்காரர் சைக்கிள் மணி கேட்டது. நாடகம் முடிவதும் அந்த நேரத்தில்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பல படங்களைப் பார்ப்பதற்கு முன்பே முழுவதுமாகக் கேட்டுவிட்டேன். கோவில் கொடை என்றால் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். வசனம், பாட்டு, இடி மின்னல் எல்லாம் வரும். முகம் மட்டும் வராது. நெல் அவித்துக்கொண்டே என் சின்னம்மா ஒரு படத்தின் வசனம் முழுவதையும் ஒலிபெருக்கிக்கு முந்தியே சொல்லுவார். அந்தப் படத்தை அவர் திரையில் பார்த்ததே இல்லை என்பது அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

சிங்கப்பூரிலிருந்து

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் நான். இங்கே கட்டுமானப் பணியில் இருக்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நாடகத்தை மூன்று ஆண்டுகளாகத் தவறவிடவில்லை. ஊரில் வீடியோ எடுக்கும் தம்பி நாடகத்தை யூடியூபில் நேரலையாக விடுகிறான். அங்கே இரவு பத்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை. சனிக்கிழமை இரவாக அமைந்துவிட்டால் விடுதியில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். கைப்பேசியை ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைப்போம். டம்ளரில் வைத்தால் ஒலி கூடிக் கேட்கும் என்பது எங்கள் கண்டுபிடிப்பு.

சென்ற ஆண்டு நாங்கள் ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு ஊருக்கு அனுப்பி வைத்தோம். வள்ளி பாடி முடித்த இடத்தில் பபூன் வந்து, “சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அன்பளிப்பு” என்று ஒவ்வொரு பெயராகப் படித்தார். கேமரா அந்த நேரத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. சிமெண்டு மேடைக்கு இடது பக்கம், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு என் அம்மா உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவர் இங்கே என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. இதே நாடகங்களை எடுத்துப் பதிவேற்றும் சில சேனல்கள், எட்டு மணி நேரத்தில் பபூனும் நடனப் பெண்ணும் பேசும் இரட்டை அர்த்தப் பேச்சை மட்டும் பத்து நிமிடமாக நறுக்கி, கூசத்தக்க தலைப்பு வைத்துப் போடுகின்றன. அந்தத் துண்டை மட்டும் பார்த்த ஒருவர் என்னிடம், “உங்கள் ஊரில் இதைத்தான் சாமிக்கு முன்னால் போடுவீர்களா?” என்று கேட்டார். விடியற்காலை நாலு மணிக்கு அந்த அம்மாள் பாடுகிற பாட்டை அவருக்கு யார் காட்டுவார்கள்? மேடையில் ஒருவர் இரவெல்லாம் தொண்டையைச் செலவழித்துப் பாடியதில் இதை மட்டும் வெட்டி எடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சென்னையிலிருந்து

தம்பியின் அம்மாவைப் பற்றிப் படித்த பிறகு நான் எழுத வந்தது சிறியதாகத் தெரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். 2020 ஜூலையில், திரையரங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில், என் மகள் ‘ஹாமில்டன்’ என்ற அமெரிக்க இசை நாடகத்தின் பதிவைப் பார்க்கச் சொல்லி என்னை உட்கார வைத்தாள். 2016இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் அரங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் எடுத்த பதிவு அது. 2021 அக்டோபரில் திரையரங்குகளில் வெளியிட வைத்திருந்ததைப் பெருந்தொற்றுக் காலத்தில் முன்கூட்டியே வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொற்கள் மழைபோலக் கொட்டுகின்றன; ஆங்கில எழுத்துகளை கீழே ஓட விட்டும் கண்ணால் தொடர முடியவில்லை. மகள் பொறுமையாக நிறுத்தி, யார் எவர் என்று சொல்லி, மீண்டும் ஓட விட்டாள். இரண்டாம் பாகத்தில், மாநிலங்களின் கடனை நடுவண் அரசே ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று இரண்டு அமைச்சர்கள் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தாளத்துக்குள் வாதாடுகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் ஒருவர் அடிக்கும்போது ஆர்ப்பரிக்கிறார்கள். அடுத்தவர் அதே சொல்லைப் பிடித்துத் திருப்பி அடிக்கிறார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது தர்க்கம்!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சிறுமியாக இருந்தபோது என் அம்மா ஊரில் நாரதரும் வள்ளியும் இரண்டு மணி நேரம் மோதிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நாரதர் இல்லறம் உயர்ந்தது என்று ஒரு பாட்டு எடுத்தால், வள்ளி அதே மெட்டில் மறுத்துப் பாடுவார். என் மகளுக்கு அன்றைக்கு நான் அதைப் பற்றிச் சொன்னேன். அவள் அமெரிக்க நாடகத்தை நிறுத்தி வைத்துவிட்டு, வள்ளி திருமணத் தர்க்கத்தைத் தேடி எடுத்து என்னோடு ஒரு மணி நேரம் பார்த்தாள். அவளுக்கும் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இந்த முறை நிறுத்தி நிறுத்தி விளக்கியது நான்.

மதுரை அக்கா நிறுத்துவதைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த நிறுத்தம் இல்லையென்றால் நாங்கள் இருவருமே பாதியில் எழுந்து போயிருப்போம்.

புதுக்கோட்டையிலிருந்து, மறுபடியும்

தர்க்கத்தைப் பற்றி ஒரு சொல். அது எழுதி வைத்த பாடத்தில் முழுவதும் இருப்பதில்லை. புராணம், திருக்குறள், சித்தர் பாடல், நேற்றைய செய்தித்தாள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்து அந்த நேரத்தில் கோத்துப் பேச வேண்டும். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. என் அப்பா சொல்வார்: நல்ல வள்ளி என்றால் நாரதரின் கேள்வி முடிவதற்குள் ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஒருமுறை தலையசைப்பார், மெட்டு முடிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள். அந்தத் தலையசைப்பு கேமராவில் விழுவதேயில்லை. நீங்கள் பதிவில் பார்த்தபோது அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த முறை நேரில் பார்க்கும்போது மேடையின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆர்மோனியம் அங்கேதான் இருக்கும்.

செய்யாறிலிருந்து

எங்கள் வட மாவட்டங்களில் விடிய விடிய நடப்பது கூத்து. அதையும் தென் மாவட்ட இசை நாடகத்தையும் சிலர் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள், இரண்டும் வேறு. எங்களுக்குச் சிறு நாதசுரம் போன்ற முகவீணை, மரத்தால் செய்த புஜக்கட்டை, மார்புப் பதக்கம். அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் இருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். என் பெரியம்மா அப்படி ஏந்தியவர். அந்தப் பிள்ளைதான் இப்போது எங்கள் ஊர்க் கூத்தை எனக்குக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புகிறான்.

மதுரையிலிருந்து, தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை என் தோழியருக்கு ஒரு மாலை முழுக்க வாசித்துக் காட்டினேன். அதன் விளைவாக இந்த மாதக் கூடுகையை யார் வீட்டிலும் வைக்கவில்லை. நத்தம் சாலையில் உள்ள ஓர் ஊரில் வள்ளி திருமணம் என்று சுவரில் நோட்டீஸ் பார்த்து, நால்வரும் ஒரு காரில் கிளம்பினோம். கல்லூரியில் படிக்கும் என் மகளும் உடன் வந்தாள். அவள் எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவள். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம் என்ற உறுதிமொழியின் பேரில்தான் வந்தாள்.

பாய், போர்வை, பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி எல்லாம் கொண்டு போயிருந்தோம். புதுக்கோட்டைத் தம்பி சொன்னபடி மேடையின் வலது ஓரத்தை ஒட்டி இடம் பிடித்தோம். பபூன் பகுதி எனக்கு நீண்டதாகப் பட்டது. இரண்டு இடங்களில் முகம் சுளித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கூட்டமும் முன்போல இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மீதமிருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வள்ளி மேடைக்கு வந்தபோது மணி ஒன்றரை. மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலோலம் தொடங்கியது. என் அப்பத்தா என்னை உலுக்கியதைப் போல நான் மகளை உலுக்கவில்லை, உலுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தலையை நிமிர்த்தினாள். பாடியவருக்கு நாற்பது வயது இருக்கலாம். குரலில் லேசான கரகரப்பு. ஆனால் மேலே போகும்போது அது கரைந்து மறைந்தது. நாரதர் வந்தார். தர்க்கம் சூடேறியது. பெண்ணுக்குத் தனியாகக் காவல் எதற்கு என்று நாரதர் கேட்டு முடிப்பதற்குள் வள்ளி வலப்பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்தார். என் தோழி என் கையைக் கிள்ளினாள். மகளும் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தத் தலையசைப்பை எண்ண ஆரம்பித்து, பதினொன்று வரைக்கும் எண்ணியபடி இருந்தாள். மூன்றரை மணி வாக்கில் என் மடியில் தூங்கிப்போனாள்.

கிழக்கு வெளுக்கும்போது முருகனும் வள்ளியும் மாலை மாற்றிக்கொண்டு நின்றார்கள். ஊர்க்காரர்கள் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். சற்று முன்பு வரை அவர்களுடைய பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகளை எழுப்பினேன். ஊர் எல்லையில் டீ குடிக்க நிறுத்தியபோது, வள்ளியாக நடித்த அந்த அம்மாள் முகம் கழுவிவிட்டு, ஒரு பெரிய பையோடு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். காதோரத்தில் அரிதாரம் இன்னும் ஒட்டியிருந்தது. அன்று இரவே வேறோர் ஊரில் அவருக்கு நாடகம் இருந்தது. நாங்கள் என்ன சொல்வது என்று தயங்கி நின்றபோது, மகள் அருகே போய், “அக்கா, நீங்க எத்தனை கட்டை?” என்று கேட்டாள்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. “அஞ்சு கட்டை கண்ணு. நேத்து மைக் நல்லா இருந்துச்சு, அதனால தொண்டை பிழைச்சது” என்றார். பேருந்து வந்தது. பையைத் தூக்கிக் கொடுக்கப் போன என் மகளிடம், வேண்டாம் என்று கையசைத்துவிட்டுத் தானே ஏறிக்கொண்டார்.